அடித்தாள் அறுபடாமல்

பிரிக்ஃபீல்ட்ஸில் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில், ஒரு கடை போட்டேன். டாக்சி சீட்டுக்கு ஃபோம் வெட்டுகிற கடை. பிறகு, அச்சகத்துக்காரர் ஒருவர் பழைய இரும்பென்று ஒதுக்கிய அச்சு எந்திரத்தை லோரியில் ஏற்றி வந்து, மை உருளைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபோமும் டேப்பும் அறுக்கிற பிரஸ்ஸாக அதை மாற்றினேன். கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சாலையில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கொட்டகை எழுப்பினேன். அதன் சிமெண்டுத் தரை நானே குழைத்துக் கொட்டியது. இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. கடைசியாக அந்தத் தரையின் மேல் ஒரு லேசர் மெஷினைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். கிள்ளான் வட்டாரத்தில், நம் ஆட்களில், ஒளியால் டேப் அறுத்த முதல் ஆள் நான்தான். இல்லை என்பவர் யாராவது இருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

இத்தனையும் செய்தவன் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். பாங்கில் வேலை செய்த என் சொந்தக்காரர்கள் எத்தனையோ கல்யாண வீட்டில் என்னைக் காட்டி, "இவரு பஞ்சு விக்கிறாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. பஞ்சு என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் செய்தது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஏர்கானைத் திறந்தால், தகரமும் தகரமும் உரசாமல் இருக்க உள்ளே கறுப்பு ஃபோம் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். நடுவில் ஓட்டை இருக்கும், ஓரத்தில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டின் முதுகில் பசை, பசைக்குக் கீழே வழுவழுப்பான ஒரு தாள். அதைத்தான் நாங்கள் அடித்தாள் என்போம். ஃபோமும் பசையும் முழுசாக அறுபட வேண்டும். அடித்தாள் மட்டும் அறுபடக் கூடாது. அப்படி வெட்டினால்தான் ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண்பிள்ளை தாளிலிருந்து நகத்தால் துண்டைக் கிள்ளி எடுத்து 'டப்' என்று ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக முடியும். ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் துண்டு பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொண்டு வரும். கொஞ்சம் கூடினாலும் தாளும் அறுந்து எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கடையில் இதற்கு அரைவெட்டு என்று பெயர். கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

எழுபதுகளில் கத்தியாலும் கைப்பழக்கத்தாலும் செய்தேன். எண்பதுகளில் அந்தப் பழைய பிரஸ்ஸால் செய்தேன். மரப்பலகையில் பிளேடை வளைத்துப் பதித்து அழுத்தி அறுப்பது. மெல்லிய டேப்புக்கு அது ராஜா. தடித்த ஃபோமை வைத்தால்தான் வம்பு. அழுத்தும்போது நசுங்கும், விட்டதும் உப்பும். ஓரம் உள்பக்கம் குழிந்து நிற்கும். வடிவம் மாறினால் புதுப்பலகை வேறு செய்ய வேண்டும். தொண்ணூறுகளில் ஃபேக்டரிக்காரர்கள் மாதத்துக்கு ஒரு வடிவத்தோடு வந்தார்கள். என் பிரஸ்ஸால் ஓட முடியவில்லை.

ஒளி அழுத்தாது. லேசரைப் பற்றி எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அது போதும் என்று முடிவெடுத்தேன்.

மெஷின் வந்த அன்று கிரேன் பிடித்து இறக்கினோம். என் மனைவி தாம்பாளத்தோடு தயாராக நின்றாள். மாடிப்படிக் கடைக் காலத்திலிருந்து என்னோடு சேர்ந்து வெட்டியவள் அவள். வெட்டிய தாளிலிருந்து வேண்டாத ஃபோமை உரித்தெடுக்கும் வேலையில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனப் பொட்டு வைக்கக் கையை நீட்டினாள். மெஷினை மாட்டிக் கொடுக்க வந்திருந்த சீனப் பையன் பாய்ந்து வந்து குறுக்கே நின்றான். செர்டாங் பக்கத்துப் பையன். தமிழர்களோடு பள்ளிக்கூடம் போனவன். தமிழும் மலாயும் கலந்து பேசுவான்.

"ஆன்டி, ஆன்டி! இங்க மட்டும் வேணாம் லா. உள்ள லென்ஸ் இருக்கு. கண்ணாடி. கோத்தோர் ஆயிடுச்சுன்னா மெஷின் கண்ணு தெரியாது."

"பொட்டு வெச்சா அழுக்காப்பா? நல்லா இருக்கே!"

"ஆன்டி எங்க வேணும்னாலும் வைங்க. சைடுல வைங்க. எனக்கும் ஒண்ணு வைங்க."

மெஷினுக்குப் பக்கவாட்டிலும் அவனுக்கு நெற்றியிலும் பொட்டு வைத்தாள். அவனுக்கு மிஞ்சிய தேங்காய் மூடியை நானே கொடுத்தனுப்பினேன்.

ஷா ஆலம் பக்கம் இருந்த ஒரு ஏர்கான் ஃபேக்டரி எங்களுக்கு வேலை கொடுத்தது. வாரம் முழுக்க வெட்டிச் சேர்த்து, கடைசி அடுக்கை வெள்ளிக்கிழமை மாலையில் முடித்து, சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். திங்கட்கிழமை அவர்களுக்கு அசெம்பிளி ஓடும். இந்த வேலையை நம்பித்தான் பழைய பிரஸ்ஸை விற்று இடத்தைக் காலி செய்திருந்தேன். கத்திப் பலகைகளை விறகாகக் கூட யாருக்கோ கொடுத்துவிட்டேன். திரும்பிப் போக வழி வைத்துக்கொள்ளாமல் செய்தேன். என் குணம் அப்படி. அதனால் அந்த ஃபேக்டரி வேண்டாம் என்றால் கொட்டகையில் வெட்ட வேறு வேலையே கிடையாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து உரிக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்களையும் அனுப்பிவிட வேண்டியதுதான்.

முதல் சனிக்கிழமை இறக்கிவிட்டு வந்தேன். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை போன் வந்தது. தரம் பார்க்கிற பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தது. காஜாங்கிலிருந்து வேலைக்கு வரும். மரியாதையான பெண், வேலையில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது.

"அங்கிள், கொஞ்சம் வந்து பாருங்க. மேல் அடுக்கு எல்லாம் நல்லா இல்ல. உரிச்சா பக்கத்து பீஸும் சேர்ந்து வருது."

"மேல் அடுக்கு மட்டுமாம்மா?"

"கீழ இருக்கிறது சூப்பர் அங்கிள். வெண்ணெய் மாதிரி வருது. அதான் எனக்கே புரியல. ரெண்டு கடையில வெட்டுனீங்களா?"

போய்ப் பார்த்தேன். சொன்னது சரி. கீழடுக்கு தாளை விட்டு அழகாகப் பிரிந்தது. மேலடுக்கு அறுபடவே இல்லை, பல் தேய்ந்த கத்தியால் வருடின மாதிரி இருந்தது. மேலடுக்குதான் கடைசியாக வெட்டியது.

சீனப் பையனைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தான். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். அதன் மேல் டீ ஆடை மாதிரி மங்கலாக ஒன்று படிந்திருந்தது. "ஃபோம் புகை அங்கிள். எக்ஸாஸ்ட் சரியா இழுக்குதா பாருங்க" என்றான். மருந்து தொட்டு, பஞ்சுபோன்ற தாளால் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்தான். எனக்கும் துடைக்கக் கற்றுக் கொடுத்தான். மருந்துப் புட்டியையும் என்னிடமே விட்டுப்போனான். மெஷின் புதுப்பெண் மாதிரி வெட்டியது. புதன், வியாழன் எல்லாம் நன்றாக இருந்தது. சனிக்கிழமை இறக்கினோம். திங்கட்கிழமை அதே போன்.

இந்தத் தடவை அந்தப் பெண்ணின் குரலில் அங்கிள் கொஞ்சம் குறைந்திருந்தது. "மேல மேனேஜர் கேக்குறாரு. நான் என்ன சொல்றது? இன்னொரு வாட்டி இப்படி வந்தா ராவாங்ல இருக்கிற கடைக்கு மாத்திடலாம்னு சொல்லிட்டாரு. நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க."

"வருத்தம் இல்லம்மா" என்றேன். போனை வைத்ததும் பையனைக் கூப்பிட்டேன்.

பையன் மறுபடி வந்தான். குழாயைக் கழற்றிப் பார்த்தான், கண்ணாடிகளை நேர்ப்படுத்தினான், புகை இழுக்கிற விசிறியை மாற்றினான். அவன் செய்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவன் வருகிற நாளெல்லாம் மெஷின் அவன் சொன்னபடி கேட்டது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி. அவனும் கடைசியில் கையை விரித்தான்.

"அங்கிள், இது வெள்ளிக்கிழமை மட்டும் சீக்கு ஆகுது. எனக்குத் தெரிஞ்சு மெஷினுக்கு நாள் கிழமை தெரியாது லா."

அவன் விளையாட்டாகச் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் ஓட்டுகிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாள் வெளியே வந்ததும் மூலையில் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளினால் வந்தது. அடுத்ததும் வந்தது. வெளியே மழை பிடித்து விட்டது. விளக்கு வைக்கிற நேரமும் ஆனது. கிள்ளினால் வந்துகொண்டேதான் இருந்தது. பிறகு ஒரு தாளில் துண்டு கொஞ்சம் அடம்பிடித்தது. அடுத்த தாளில் பக்கத்துத் துண்டையும் பிடித்து இழுத்தது.

மெஷினை நிறுத்தினேன். ஒளியை அணைத்துவிட்டேன், காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டுகிற இடத்தில் தீப்பிடிக்காமல் இருக்க லென்ஸுக்குக் கீழே மூக்கு மாதிரி ஒரு குழல் வழியாகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்று சரியாக வருகிறதா என்று பார்க்கக் குனிந்து கன்னத்தைக் காட்டினேன்.

மெஷின் மூக்கிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது.

முதலில், பின்கட்டில் மனைவி வெள்ளிக்கிழமைப் பூசை செய்கிற வாசம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெஷின் அறைக்கு ஏர்கான் போட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். நிமிர்ந்து மோந்து பார்த்தேன்; அறையில் கருகிய ஃபோம் வாடைதான் இருந்தது. மறுபடி குனிந்தேன். சாம்பிராணி. கோயிலுக்குள் நின்ற மாதிரி.

அந்தக் குழலுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? நீல ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். மெஷினுக்குப் பின்னால் போய், சுவரில் போட்ட ஓட்டைக்குள் நுழைந்து, பின்கட்டில் இருந்த கம்ப்ரசரில் போய் முடிந்தது. வெளியிலிருக்கிற காற்றை உறிஞ்சி அழுத்தி மெஷினுக்கு அனுப்புகிற எந்திரம் அது. அதற்கு நேர் மேலே சுவரில் சாமி படங்கள். கம்ப்ரசரின் தலை தட்டையாக, இடுப்பு உயரத்துக்கு, பீடம் மாதிரி வசதியாக இருக்கும். அதன் மேல் தூபக்கால். சிரட்டைக் கரி கனிந்து, சாம்பிராணிப் புகை குபுகுபுவென்று எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பிய புகையில் பாதி சாமிக்குப் போனது. மீதிப் பாதி வளைந்து கீழே இறங்கி, கம்ப்ரசர் பக்கவாட்டில் காற்றை உறிஞ்சுகிற ஓட்டைக்குள் நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அதை நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சாம்பிராணி என்பது மரத்துப் பிசின். புகையாகப் போய்க் கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பொட்டு வைக்கக் கூடாது என்று பையன் பாய்ந்து தடுத்தானே, அந்தக் கண்ணாடிக்கு நாங்களே வாராவாரம் ஹோஸ் போட்டுத் தூபம் காட்டிக்கொண்டிருந்தோம்.

மனைவி மணியை அடித்து முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? கும்புடுங்க."

"இந்தத் தூபத்தை மெஷின் குடிக்குது."

"குடிக்கட்டுமே. நல்லதுதானே?"

"வெள்ளிக்கிழமை வெட்டு ஏன் கெடுதுன்னு தெரிஞ்சு போச்சு. புகை இந்த வழியா உள்ள போயி லென்ஸ் மேல ஒட்டுது. வா, வந்து மோந்து பாரு."

நம்பவில்லை. வந்தாள், குனிந்தாள், மோந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. கோபமா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப நான் சாமி கும்புட்டதாலதான் வேலை போச்சுன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"பிரிக்ஃபீல்ட்ஸ்ல படிக்கட்டுக்குக் கீழ, நிக்கக்கூட இடம் இல்லாதப்ப, குனிஞ்சுகிட்டே காட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்ல. உங்க மெஷினுக்கு ஆகலன்னா நிறுத்திடுறேன். எடுத்துக் குப்பையில போடுறேன்."

அவள் தூபக்காலைத் தூக்கிவிட்டாள். சூடு தாங்காமல் முந்தானையால் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை பிசகியிருந்தால் கடை தப்பியிருக்கும், வீடு தப்பியிருக்காது. நல்லவேளையாக எனக்கு யோசிக்க நேரமே வேண்டியிருக்கவில்லை.

"சாமி எங்கயும் போக வேணாம், சாம்பிராணியும் நிக்க வேணாம். கம்ப்ரசர் போகட்டும் வெளிய."

"மழை பெய்யுது."

"பெய்யட்டும்."

உரிக்கிற வேலையில் இருந்த பெண்களும் கை கொடுத்தார்கள். அந்தக் கம்ப்ரசரின் கனம் எனக்குத் தெரியும், ஏனென்றால் உள்ளே தூக்கி வைத்ததும் நான்தான். பின்கதவு வழியாக நகர்த்தி, கொட்டகைக்குப் பின்னால் தகரம் இறங்கின இடத்தில் செங்கல் அடுக்கி உட்கார வைத்தோம். ஹோஸ் எட்டவில்லை. கார் டயருக்குக் காற்றடிக்க வைத்திருந்த குழாயை வெட்டி நடுவில் ஒட்டுப் போட்டேன். பழைய ஹோஸில் ஒட்டியிருந்த புகையெல்லாம் போக வேண்டும் என்று வெறுங்காற்றை ஓடவிட்டு, மெஷின் குழலில் மூக்கை வைத்துக்கொண்டே நின்றேன். சாம்பிராணி மெதுவாக விட்டது. பிறகு மழையும் மண்ணும் மணத்தன.

பிறகு லென்ஸ். பையன் சொல்லிக் கொடுத்த மாதிரியே மருந்தைத் தொட்டு, தாளை ஒரே பக்கமாக இழுத்தேன். ஊதக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் சொல்லியிருப்பேன்.

வெட்டினேன். முதல் தாளை மனைவி கையில் கொடுத்தேன். அவள் இன்னும் முறைப்பாகத்தான் இருந்தாள். ஒரு துண்டைக் கிள்ளினாள். வந்தது. அடுத்ததைக் கிள்ளினாள். தாளைத் திருப்பி விளக்கில் பிடித்து, அடித்தாளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கீறல் கூட இல்லை.

"ம்" என்றாள். அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

பிறகு கம்ப்ரசர் இருந்த இடத்தைப் பார்த்தாள். "இப்ப தூபக்கால் எது மேல வைக்கிறது?" என்று கேட்டாள். கெட்டுப்போன தாள்கள் அடுக்கியிருந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தேன். அதன் மேல் வைத்து மிச்சப் பூசையை முடித்தாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். பெட்டிக்குள் ஒன்றுக்கும் ஆகாமல் போன எங்கள் மூன்று வெள்ளிக்கிழமை வேலை இருந்தது. அதன் மேல் நின்று தூபம் புகைந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வாரக்கணக்கில் தூங்காத உடம்பு அப்படியே இளகிப்போய், தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை வேனை நானே ஓட்டிப் போனேன். தரம் பார்க்கிற பெண் மேலடுக்கிலிருந்து ஒரு தாளை உருவியது. நகத்தால் கிள்ளியது. அடுத்தது, அடுத்தது என்று அந்தத் தாள் காலியாகும்வரை கிள்ளியது. இன்னொரு தாளையும் உருவியது.

"என்ன பண்ணீங்க அங்கிள்?"

"காத்தாட வெளிய உக்கார வெச்சேன்" என்றேன்.

"யாரை?"

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. "எங்க அம்மாவும் இப்படித்தான் ஃபிரிட்ஜ் மேல சூடம் ஏத்துவாங்க" என்றது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "திங்கட்கிழமை போன் வராது. நிம்மதியா தூங்குங்க" என்றது. வெளியே வந்து வேனில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகாமல் ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். அவ்வளவு காலியான, அவ்வளவு லேசான நேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததாக நினைவில்லை.

திங்கட்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை வந்தது. புதுசாக ஒரு வடிவம் வெட்ட முடியுமா என்று கேட்டார்கள்.

சீனப் பையனுக்கும் சொன்னேன். "அங்கிள், இது எங்க புக்ல இல்ல லா" என்றான். அதற்குப் பிறகு அவன் எந்த இந்தியர் கடைக்குப் போனாலும், மெஷினைத் திறப்பதற்கு முன்னால் சாமி படம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவான் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கம்பெனியை நடத்துகிற என் மருமகன் ஒரு விழா மலர் போட்டிருக்கிறார். வழுவழுப்பான தாள், நல்ல அச்சு. இன்றைக்கு அங்கே வரிசையாக மெஷின்கள் நிற்கின்றன, சந்தோஷம். அந்த ஆரம்ப காலத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது. தொடக்கத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு மெஷின் விற்றவர்களின் உதவியோடு சரிசெய்யப்பட்டது, என்று. மருமகன் படித்த பிள்ளை, கெட்ட எண்ணம் கிடையாது. அவர் அப்போது இல்லை, அதனால் தெரியாது. ஆனால் அது சரியான வரி இல்லை. துடைக்கக் கற்றுக் கொடுத்தது அந்தப் பையன். அவனுக்கு உண்டான மரியாதையை எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. வாசம் பிடித்துப் போய் நோயைக் கண்டுபிடித்தது என் மூக்கு. மழையில் கம்ப்ரசரைத் தூக்கியது என் தோள். சாமியையும் மெஷினையும் சண்டையில்லாமல் ஒரே கூரைக்குக் கீழே வைத்தது என் புத்தி. அதனால் அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி போட வேண்டும். என் பெயரை முழுசாக, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு போட வேண்டும். பக்கத்தில் என் மனைவி பெயரும் வரட்டும், அவள் சாம்பிராணி காட்டாமல் இருந்தால் நான் எதைக் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் என் பெயர் முதலில்.